ஊறும் மின்னும்: செயற்கைத் தொடுகை பற்றிய ஒரு திறனாய்வு

ஐம்புலன்களுள் தொடுபுலனுக்கு முதலிடம் அளித்தல் பண்டைச் சிந்தனை மரபுகள் சிலவற்றுக்குப் பொதுவான ஒன்றாகும். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவுவகையால் ஆறு படிகளாக நிரற்படுத்தும்போது, உற்றறியும் ஆற்றல் மாத்திரமே உடைய புல்லையும் மரத்தையும் முதற்படியில் வைக்கின்றது. கிரேக்க அறிஞர் அரிஸ்ரோட்டில் ஆன்மாவைப் பற்றிய தமது நூலில், ஏனைய புலன்கள் இல்லாத விலங்குகள் உண்டெனினும் தொடுபுலன் இல்லாத விலங்கு இல்லை என்ற கருத்தை வற்புறுத்துகின்றார். இம்முதற் புலனால் அறியப்படுவதைத் தமிழ் மரபு ‘ஊறு’ என்னும் சொல்லாற் குறித்தது. அச்சொல்லே தீங்கு என்னும் பொருளையும் இடையூறு என்னும் பொருளையும் தாங்கி நிற்றல் கருதத்தக்கது. தொடுகையும் துன்பமும் ஒரே சொல்லில் அடங்கிக் கிடக்கும் இவ்வியல்பு, பின்வரும் ஆய்வுக்குப் பொருத்தமான தொடக்கமாகும்.

தோலின்மீது மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தித் தொடுகையை ஒத்த உணர்வை உண்டாக்கும் முயற்சி, கடந்த அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாடுகளில் நடைபெற்று வருகின்றது. பார்வையிழந்தோர்க்குக் காட்சியைத் தோல்வழி அறிவித்தல், கையிழந்தோர் அணியும் செயற்கைக் கைக்கு உணர்வூட்டல், தொலைவிலுள்ள பொருளை இயந்திரக் கையாற் பற்றுவோர்க்கு அதன் அழுத்தத்தைத் தெரிவித்தல் ஆகியன இம்முயற்சியின் நோக்கங்கள். இவற்றைப் பற்றி எழுதும் செய்தித்தாள்கள் ‘இழந்த தொடுகை மீண்டது’ என்று தலைப்பிடுகின்றன. ஆய்வாளர் சிலரும் அத்தலைப்புக்கு இடமளிக்கும் வகையிற் பேசுகின்றனர். கையை இழந்த ஒருவர் அத்தொடரை வாசிக்கும்போது அதனை ஓர் உவமையாகக் கொள்வதில்லை, வாக்குறுதியாகவே கொள்கின்றார். எனவே, அத்தொடரின் மெய்ம்மையைச் சோதித்தல் வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மின்னோட்டம் தோலிற்குத் தருவது யாது? தொடுகையா, தொடுகையின் குறியா? இவ்வினாவுக்கு விடைகாண முதலில் இயற்கைத் தொடுகையின் அமைப்பை நோக்குதல் வேண்டும்.

மனிதக் கையின் உட்புறத் தோலில் ஏறத்தாழ 17,000 தொடுவாங்கி நரம்பிழைகள் உள்ளன என ஜொஹன்சன், வால்போ என்னும் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1979இல் மதிப்பிட்டனர். இவை நால்வகையின. மேர்கெல் வாங்கிகள் விளிம்பையும் நிலைத்த அழுத்தத்தையும் அறிவிப்பன. மெய்ஸ்னர் வாங்கிகள் மென்மையான அசைவையும் பற்றிய பொருள் வழுவத் தொடங்குவதையும் அறிவிப்பன. ஆழத்திலுள்ள பசினியன் வாங்கிகள் விரைவான அதிர்வுக்குத் துலங்குவன. ருபினி வாங்கிகள் தோல் இழுபடுவதை உணர்த்துவன. ஒரு துணியை விரலால் வருடும் கணத்தில் இந்நால்வகையும் வெவ்வேறு அளவிலும் வெவ்வேறு ஒழுங்கிலும் தொழிற்படுகின்றன. வெம்மையையும் தண்மையையும் நோவையும் அறியும் நரம்பு முனைகள் இவற்றின் வேறானவை. துணியின் மென்மை என்று ஒரு சொல்லாற் கூறப்படுவது உண்மையில் இப்பெருங்கூட்டத்தின் ஒருமித்த செய்தியாகும்.

மின்தூண்டல் இந்த வாங்கிகளைப் பயன்படுத்துவதில்லை என்பதே அதன் அடிப்படைத் தன்மை. தோலின்மீது வைக்கப்படும் சிறு மின்வாய்களின் ஊடாக, ஒரு செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்களவே நீடிக்கும் துடிப்புகள், சில மில்லியம்பியர் அளவிற் செலுத்தப்படுகின்றன. அத்துடிப்புகள் வாங்கிகளைத் தாண்டிச் சென்று, அவற்றிலிருந்து புறப்படும் நரம்பிழைகளை நேரடியாகக் கிளர்த்துகின்றன. நரம்பு எதனாற் கிளர்த்தப்படினும் தனக்குரிய உணர்வையே தரும் என்று 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜேர்மானிய உடற்றொழிலியலாளர் யோகான்னஸ் முல்லர் வகுத்த கோட்பாடு இதற்கு அடிப்படை. மூடிய கண்ணை விரலால் அழுத்தும்போது ஒளி தோன்றுவதை அக்கோட்பாட்டிற்குச் சான்றாகக் காட்டலாம். அவ்வாறே, தொடுநரம்பை மின் கிளர்த்தினால் தொடுகை தோன்றுதல் வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

எனினும் நடைமுறையில் தோன்றுவது பெரும்பாலும் ஒரு வகைக் கூச்சமே. எறும்பு ஊர்வது போன்றது, நுண்முள் குத்துவது போன்றது, மரத்த கால் தெளியும்போது உண்டாகும் விறுவிறுப்புப் போன்றது எனச் சோதனைக்குட்பட்டோர் அதனை வருணிக்கின்றனர். இதற்குக் காரணம் விளங்குவதற்கு அரிதன்று. இயற்கையில் ஒவ்வோர் இழையும் தன் வாங்கி பெற்ற தூண்டலுக்கு ஏற்பத் தனித்தனிக் காலத்திற் கணத்தாக்கங்களை அனுப்புகின்றது. மின்துடிப்போ அருகிலுள்ள இழைகள் யாவற்றையும், அவற்றின் வகை நோக்காது, ஒரே கணத்திற் கிளர்த்துகின்றது. பல குரல்கள் தத்தம் பொருளைப் பேசும் அவையில், அனைவரையும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தை உரக்கக் கூறச் செய்தால் எழும் ஓசையை இதற்கு ஒப்பிடலாம். குரல்கள் மெய்யானவை, பேச்சு அங்கே இல்லை.

இதனுடன் இன்னொரு குறைபாடும் சேர்கின்றது. மின்தூண்டலை உணரத் தொடங்கும் அளவுக்கும் அது நோவாக மாறும் அளவுக்கும் உள்ள இடைவெளி மிகச் சிறியது. நோவளவு உணர்வளவின் இருமடங்கு முதல் பத்துமடங்கு வரை என்பதே பொதுவாகக் கூறப்படும் வீதம். அழுத்தத்திலோ அதிர்விலோ இவ்விடைவெளி பன்மடங்கு பெரிது. மேலும் வியர்வை, தோலின் வறட்சி, மின்வாய் தோலிற் பொருந்தியுள்ள நிலை ஆகியவற்றால் தோலின் மின்றடை கணத்துக்குக் கணம் மாறுவதால், சற்று முன்னர் இதமாயிருந்த அதே தூண்டல் மறுகணம் சுருக்கெனத் தைக்கக்கூடும். ‘ஊறு’ என்னும் சொல்லின் இரு பொருள்களும் இங்கே மில்லியம்பியர்க் கணக்கில் அடுத்தடுத்து நிற்கின்றன எனலாம்.

மின்னாற் பெறப்படும் தொடுகை யாவும் இவ்வகையின அல்ல என்பதையும் குறிப்பிடுதல் தகும். 1953ஆம் ஆண்டில் மாலின்க்ரொட் என்பாரும் அவருடைய துணைவர்களும், மெல்லிய காவலிப் படை பூசப்பட்டு ஆடலோட்ட அழுத்தம் ஊட்டப்பட்ட உலோகப் பரப்பின்மீது விரலை நகர்த்தும்போது அப்பரப்பு சொரசொரப்பாகத் தோன்றுவதை விளக்கினர். அங்கே மின்விசை விரலைப் பரப்பை நோக்கி இழுத்து உராய்வை மாற்றுகின்றது. தோல் மெய்யாகவே அதிர்கின்றது. வாங்கிகள் மெய்யாகவே தொழிற்படுகின்றன. நரம்பை நேரே கிளர்த்தும் முறையோடு இதனைக் குழப்புவோர், ஒன்றின் இயல்பான உணர்வை மற்றதன் சாதனையாகக் காட்டும் பிழைக்கு ஆளாகின்றனர்.

இத்துறையின் வரலாற்றில் விதந்து கூறத்தக்க பெயர் போல் பாக்-இ-ரீற்றா. அமெரிக்க மருத்துவரான இவரும் இவருடைய துணைவர்களும் சான் பிரான்சிஸ்கோ நகரில் அமைத்த கருவி பற்றிய கட்டுரை 1969இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. பழைய பல்மருத்துவ நாற்காலியொன்றின் முதுகுப்புறத்தில் 400 அதிர்விகள் பொருத்தப்பட்டன. தொலைக்காட்சிப் படக்கருவி கண்ட உருவம், நாற்காலியில் அமர்ந்த பார்வையிழந்தவரின் முதுகில் அதிர்வுப் புள்ளிகளாகப் பதிந்தது. அவ்வதிர்விகள் பொறிமுறையால் இயங்கியவை. கருவியின் பாரத்தையும் பருமனையும் குறைக்கும் நோக்குடன் மின்வாய்கள் பின்னர் இடம்பெற்றன. 1998இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் அவரும் கஸ்மாரெக் முதலியோரும் 49 மின்வாய்கள் கொண்ட சிறு தகட்டை நாவின்மீது வைத்துச் சோதித்தனர். நா எப்போதும் ஈரமாயிருப்பது, நரம்பு செறிந்தது, தடித்த மேற்றோல் அற்றது. விரல் நுனிக்குத் தேவையான மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 3 சதவீதம், அதாவது 5 முதல் 15 உவோற்று, நாவுக்குப் போதுமாயிற்று. 1800ஆம் ஆண்டில் மின்னடுக்கை அறிவித்த வோல்ற்றா அதன் தாக்கத்தைத் தம் நாவிலும் சோதித்திருந்தார் என்பது ஈண்டு நினைவிற்கு வரும்.

அக்கருவிகளின் பெறுபேறுகளுள் புள்ளிகளின் எண்ணிக்கையைவிடச் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. படக்கருவி அசையாது நிறுத்தப்பட்டபோது, அல்லது அதனைப் பிறர் அசைத்தபோது, நாற்காலியில் இருந்தவர் தம் முதுகில் ஏற்பட்ட கூச்சத்தை மாத்திரமே உணர்ந்தார். அவரே படக்கருவியைத் தம் கையால் இயக்கிப் பழகிய பின்னரோ, முதுகிலிருந்த புள்ளிகள் மறைந்து, முன்னே ஒரு பொருள் இருப்பதாக அறியத் தொடங்கினார். ஒருமுறை, பயிற்சி பெற்றவர் அறியாத நிலையில் படக்கருவியின் வில்லை மாற்றப்பட்டு உருவம் திடீரெனப் பெரிதாக்கப்பட்டது. அவர் கைகளை உயர்த்திப் பின்னோக்கிச் சாய்ந்தார். தூண்டல் முதுகில், விலகியதோ முன்னிருந்து வருவதாகத் தோன்றிய ஒன்றிலிருந்து. பாக்-இ-ரீற்றா விவரித்த இச்சிறு நிகழ்ச்சி இத்துறை முழுவதற்கும் உரைகல்லாகத் தக்கது. தோலிற் பதிவது உலகத்தைப் பற்றிய அறிவாக மாறுவதற்கு, அறிபவரே செயல்புரிபவராகவும் இருத்தல் வேண்டும் என்பதை அது காட்டுகின்றது.

அதே ஆய்வாளர் மறைக்காது கூறிய மற்றொரு செய்தியும் உண்டு. பார்வையின்றி வளர்ந்து இக்கருவியாற் பயிற்சி பெற்றோர், தம் மனைவியின் முகத்தை முதன்முறையாக ‘கண்டபோது’ ஏமாற்றம் அடைந்தனர். முகத்தின் வடிவை அவர்களால் விவரிக்க முடிந்தது. ஆயினும் அதில் உள்ளத்தைத் தொடும் எதுவும் இல்லை என்றனர். இவ்வேமாற்றத்தைக் கருவியின் தோல்வி என்று தள்ளுவதும், நாளடைவில் நீங்கும் குறை என்று அமைதி கூறுவதும் எளிது. இரண்டும் பொருந்தா. அது ஓர் எல்லையைக் காட்டுகின்றது. செய்தியைக் கடத்துதல் வேறு, அச்செய்தியோடு வாழ்ந்து பெறும் உணர்வைக் கடத்துதல் வேறு. முதலாவதைப் பொறியியலாற் செய்யலாம். இரண்டாவதற்கு நீண்ட காலப் பழக்கமும் உறவும் வேண்டும்.

அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2015இல் நாவழிக் கருவியொன்றின் விற்பனைக்கு அனுமதி வழங்கியபோது, ஓராண்டுப் பயிற்சியை நிறைவு செய்த 74 பேருள் 69 சதவீதத்தினர் பொருள்களை இனங்காணும் சோதனையில் வெற்றி பெற்றதாக அறிவித்தது. இது புறக்கணிக்கத்தக்க பேறன்று. அதேவேளை, ஓராண்டு உழைத்த பின்னரும் பத்தில் மூவர் அச்சோதனையில் வெற்றி பெறவில்லை என்பதும் அவ்வெண்ணிலேயே அடங்கியுள்ளது. அந்நிருவாகம் இதனைப் பார்வையிழந்தோர்க்குரிய துணைக்கருவியாகவே மதிப்பிட்டது. ‘பார்வை மீண்டது’ என்னும் தலைப்புக்கு அவ்வெண் இடமளிக்கவில்லை.

யப்பானிய ஆய்வுகள் வேறொரு திசையிற் சென்றன. ரோக்கியோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கஜிமோற்றோ, தச்சி முதலியோர், மின்வாயின் நேர், மறை முனைவுகளை மாற்றுவதால் வெவ்வேறு வகை நரம்பிழைகளைத் தெரிந்து கிளர்த்தலாம் எனக் கண்டனர். தோலுக்குச் செங்குத்தாக ஓடும் இழைகளை நேர்த் துடிப்பும், கிடையாக ஓடுவனவற்றை மறைத் துடிப்பும் எளிதிற் கிளர்த்தும் என்பது அவர்தம் விளக்கம். இதனடிப்படையில், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் கலப்பால் எல்லா நிறங்களையும் பெறுவதுபோல, தொடுகைக்கும் ‘முதனிறங்கள்’ உண்டென்றும், அவற்றைக் கலந்து எவ்வுணர்வையும் ஆக்கலாமென்றும் அவர்கள் கருதினர். 2004இல் அவர்கள் விவரித்த கருவி, விரல் நுனிக்கும் தாளுக்கும் இடையில் அமைந்து, தாளில் அச்சிட்ட கோடுகளை ஒளியால் அறிந்து விரலுக்கு மின்னால் உணர்த்தியது. கண்ணுக்கு மாத்திரம் உரிய கோட்டை விரலுக்கும் உரியதாக்கிய அதன் நுட்பம் பாராட்டத்தக்கதே.

ஆயின் ‘முதனிறம்’ என்னும் உவமை முழுதும் பொருந்துவதாகத் தெரியவில்லை. நிறம் விழித்திரையின் ஒரு புள்ளியில் விழும் ஒளியின் கலப்பைப் பெரிதும் சார்ந்தது. தொடுகையோ தோலின் நெகிழ்ச்சி, மூட்டுகளின் நிலை, தசையின் முயற்சி, பொருளின் வெம்மை, விரல் நகரும் வேகம் ஆகிய யாவும் கூடிய இடத்திற் பிறப்பது. நரம்பிழைகளை வகைபிரித்துக் கிளர்த்துவது எத்துணை நுட்பமாக நடைபெறினும், அழுத்தினால் எதிர்த்து நிற்கும் பொருள் அங்கே இல்லை. கற்பனைக் கல்லைப் பற்றிய விரல் தடையின்றி உள்ளங்கை வரை மடங்கிவிடும். அச்சிட்ட கோட்டை வருடும் கருவி வெற்றி பெற்றமைக்கு விரலின் அசைவு மெய்யானதாக இருந்தமையும் ஒரு காரணம் எனக் கொள்ளுதல் தகும். முதனிறக் கொள்கை அவ்வசைவைக் கணக்கிற் கொள்ளவில்லை.

செயற்கைக் கையைப் பொறுத்தவரை சிக்கல் இன்னும் கூர்மையானது. 1984இல் ஜொஹன்சனும் வெஸ்ற்லிங்கும் செய்த ஆய்வு, இயல்பான விரல்கள் பொருள் வழுவத் தொடங்குவதை உணர்ந்து, மனம் அறியுமுன்னரே பிடியை இறுக்கிக்கொள்வதை நிறுவியது. விரலை உணர்விழக்கச் செய்தபோது அவ்வியைபு கெட்டது. செயற்கைக் கையை அணிந்தவர் இவ்வுதவியின்றி, ஒவ்வொரு குவளையையும் கண்ணாற் பார்த்தே பற்ற வேண்டியவராகின்றார். அவருடைய எஞ்சிய கையின் தோலில், பிடியின் இறுக்கத்திற்கேற்ப வலுக்கும் எளிய மின்கூச்சமொன்றைத் தருவதே அவர் கண்ணின் சுமையைக் குறைக்கும். அக்கூச்சம் குவளையின் தொடுகை போலிருக்க வேண்டுவதில்லை. காலந்தாழ்த்தாது வருதலும், ஒருமுறை பொருள்கொண்டவாறே மறுமுறையும் பொருள்படுதலும் போதும். 2014இல் கிளீவ்லாந்து ஆய்வாளர்கள், உடலுள் நரம்பைச் சூழப் பதித்த மின்வாய்களில் துடிப்பின் வலுவை ஏற்றியிறக்கியபோது, கூச்சம் நீங்கி இயல்பான அழுத்தவுணர்வு தோன்றியதாக அறிவித்தனர். அது சத்திரசிகிச்சையின் விளைவு என்பதையும், தோலின் மேற்பரப்பில் வைக்கும் மின்வாய்க்கு அதனை அப்படியே உரியதாக்குதல் ஆகாது என்பதையும் செய்திகள் மறந்துவிடுகின்றன.

2018இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு நெறிமுறை சார்ந்த வினாவொன்றை எழுப்புகின்றது. செயற்கை விரலிற் போர்த்திய உணர்படை கூரிய பொருளைத் தொட்டபோது, கையிழந்த ஒருவருக்குத் தோல்வழி மின்தூண்டலால் நோவும் உணர்த்தப்பட்டது. நோவு உடலின் காவலன். அதனை இழந்தோர் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்வர். எனவே செயற்கைக் கைக்கும் நோவு பயனுடையது என்பது அதற்குரிய நியாயம். இந்நியாயத்திற் பொருளில்லாமல் இல்லை. ஆனால் மெய்க் கை காயமுற்றால் மீளாது போகலாம். செயற்கைக் கையின் பகுதியை மாற்றிவிடலாம். அதனைக் காக்க மனிதன் எவ்வளவு நோவை ஏற்றல் வேண்டும்? அந்நோவின் அளவைத் தீர்மானிப்பவர் யார்? அணிபவர் கையிலேயே அதன் கட்டுப்பாடு இருந்தால் அது காவல். பிறர் கையில் இருந்தால், ‘ஊறு’ தன் மற்றைப் பொருளையே எய்திவிடும்.

இவ்வளவும் கூறியதால் மின்வழித் தொடுகையை வெறும் கூச்சமென இகழ்வோரின் கட்சி வென்றதாகாது. அவர்களுக்கு மறுமொழியாக நிற்பது பிறெயில் எழுத்து. 1829இல் லூயி பிறெயில் வெளியிட்ட முறையில் ஆறு புள்ளிகளுக்கும் அவை குறிக்கும் பொருளுக்கும் இயற்கையான ஒப்புமை எதுவும் இல்லை. அது முற்றிலும் குறிமுறை. எனினும் பழகியவரின் விரல் புள்ளிகளை எண்ணுவதில்லை; சொற்களை வாசிக்கின்றது. அழுகையும் சிரிப்பும் அப்புள்ளிகளின் வழியே வருகின்றன. குறியாக இருத்தல் இழிவன்று. ஆனால் விரலை நகர்த்துபவர் வாசகரே. விரும்பிய இடத்தில் நிறுத்துபவரும் அவரே. விளங்காத வரிக்குத் திரும்புபவரும் அவரே. அசையாது நீட்டிய விரலின் கீழ்ப் பிறர் புள்ளிகளை இழுத்துச் சென்றால், வாசிப்பு அருமையாகிவிடும்.

ஆகவே மின்தூண்டல் தொடுகையை மீட்பதில்லை. தொடுகைக்குப் பதிலாக ஒரு குறியைத் தருகின்றது. அக்குறியைத் தொடுகைக்கு ஒப்பாக உயர்த்துவது அதனைப் பெறுபவரின் சொந்த அசைவும் பயிற்சியுமே ஆகும். இதனை ஏற்றுக்கொண்டால், இக்கருவிகளை மதிப்பிடும் அளவுகோலும் மாறுதல் வேண்டும். மின்வாய்கள் எத்தனை, துடிப்பு எவ்வளவு நுண்ணியது என்னும் வினாக்களுக்கு முன்னர் வேறு சில வினாக்கள் எழுப்பப்படல் வேண்டும். தூண்டல் பெறுபவரின் அசைவைப் பின்தொடர்கின்றதா? அதன் வலுவைக் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் அவரால் முடிகின்றதா? கற்பதற்கு வேண்டிய மாதங்களும், கற்பிப்போரும், பழுது நீக்குவோரும் அவருக்குக் கிடைக்கின்றனரா? இவற்றுக்கு ஆம் என விடை கூறவல்ல கருவி, நான்கு மின்வாய் கொண்டதாயினும், கையிழந்தவருக்கு மெய்யான துணையாகும். அத்தகைய துணையை அதன் பெயரால் அழைப்பதே அவருக்குச் செய்யும் நேர்மை. கூச்சமொன்றைத் தந்துவிட்டுத் தொடுகை மீண்டதெனப் பறைசாற்றுவோர், முதல் நாள் கருவியை அணிந்து தம் குழந்தையின் கன்னத்தை நோக்கிக் கை நீட்டும் ஒரு மனிதரை எண்ணிப் பார்த்தல் நன்று. அவர் எதனை எதிர்பார்த்து அக்கையை நீட்டுகின்றார் என்பது, அதற்கு முன்னர் அவரிடம் கூறப்பட்ட சொற்களைப் பொறுத்தது.